புழுதியும் சேறும்: பரந்தன் நிலத்தில் சில்லின் வரலாறு

மனித குலத்தின் பொருளியல் வாழ்வை மாற்றியமைத்த கருவிகளுள் சில்லு முதன்மையானது என்பதை வரலாற்றாசிரியர் யாவரும் ஒப்புவர். ஆயினும் சில்லின் வரலாறு எழுதப்படும்போது அது தேரின் வரலாறாகவோ, புகைவண்டியின் வரலாறாகவோ, மோட்டார் வண்டியின் வரலாறாகவோ அமைவதே பெருவழக்கு. உழுது வாழும் மக்களிடையே சில்லு எவ்வாறு பயன்பட்டது, அவர்தம் நிலமும் பருவமும் அதன் வடிவை எவ்வாறு நிர்ணயித்தன, அதன் செலவை யார் சுமந்தனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. வன்னிப் பெருநிலப்பரப்பின் வடவாயிலாக விளங்கும் பரந்தனை நிலைக்களனாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குளிர்நாடுகளில் மோட்டார் வண்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் ஒரு தேர்வு உண்டு. கோடைக்கு ஒரு தொகுதி ரயர், பனிக்காலத்துக்கு வேறொரு தொகுதி ரயர் என இரண்டையும் வாங்கி மாற்றி மாற்றிப் பூட்டுவதா, அல்லது எப்பருவத்துக்கும் ஏற்றதெனச் சொல்லப்படும் ஒரே தொகுதியுடன் அமைவதா என்பதே அது. வன்னியில் பனி பெய்வதில்லை. எனினும் அந்நிலத்துக்கும் இரண்டு முகங்கள் உள்ளன. ஒன்று புழுதி, மற்றையது சேறு. இவ்விரண்டிலும் ஓடவேண்டிய சில்லு ஒன்றா இரண்டா என்னும் வினா, உழவு இயந்திரம் வன்னியில் நுழைந்த நாள் முதலாக அங்குள்ள கமக்காரரை எதிர்நோக்கி வந்துள்ளது. பெயர் வேறாயினும் பிரச்சினை ஒன்றே.

நிலமும் பருவமும்

ஆனையிறவுக்குத் தெற்கே, கிளிநொச்சி நகருக்கு வடக்கே அமைந்துள்ளது பரந்தன். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதியிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-35 வீதி பிரியும் சந்தி இதுவே. மேற்கே பூநகரிக்கும் இங்கிருந்து வீதி செல்கின்றது. வடபகுதிப் புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டில் முழுமையடைந்தபோது கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்குமிடையே ஓடிய வண்டிகள் இவ்வழியே சென்றன. ஆனையிறவின் உப்பை மூலப்பொருளாகக் கொண்ட இரசாயனத் தொழிற்சாலை 1950களில் இங்கு நிறுவப்பட்டதும் குறிப்பிடத்தக்கது. வயலும் வீதியும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் ஊர் என்பதால், சில்லின் வரலாற்றை ஆராய்வதற்குப் பரந்தன் மிகவும் பொருத்தமான இடமாகும்.

கனகராயன் ஆற்றை மறித்து அமைக்கப்பட்ட இரணைமடுக் குளத்தின் வேலைகள் 1902ஆம் ஆண்டில் தொடங்கி 1920ஆம் ஆண்டளவில் நிறைவெய்தின. பின்னர் பல்வேறு கட்டங்களில் அணை உயர்த்தப்பட்டுக் குளம் விரிவாக்கப்பட்டது. 1930களிலும் அதற்குப் பின்னரும் நடைபெற்ற குடியேற்றத் திட்டங்களின் பயனாகக் கிளிநொச்சி, பரந்தன், முரசுமோட்டை, உருத்திரபுரம், வட்டக்கச்சி முதலிய பகுதிகளில் காடு வெட்டிக் கழனியாக்கப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நிலமற்றோரும் நிலம் போதாதோரும் இங்கு வந்து குடியேறினர்.

இவர்கள் செய்த வேளாண்மை இரு போகத்தது. வடகீழ்ப் பருவக்காற்றின் மழையை நம்பிச் செய்வது காலபோகம். குளத்தில் எஞ்சிய நீரைக் கொண்டு செய்வது சிறுபோகம். காலபோகத்தில் மழைக்கு முன்னரே, புரட்டாதி ஐப்பசி மாதங்களில், காய்ந்த மண்ணை உழுது விதைப்பது புழுதி விதைப்பு எனப்படும். நீரைப் பாய்ச்சி, வயலை உழக்கிச் சேறாக்கி, பலகையடித்து மட்டப்படுத்தி விதைப்பது சேற்று விதைப்பு. முன்னதில் மண் கல்லென இறுகியிருக்கும். பின்னதில் கால் புதையும். ஒரே வயல், ஒரே உழவன். ஆனால் மண்ணின் இயல்போ முற்றிலும் வேறு. சிறுபோகத்துக்கு இரணைமடுவின் நீர் எல்லா நிலத்துக்கும் போதுவதில்லையாதலின், எவ்வளவு நிலம் செய்வது என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டங்களில் தீர்மானித்துப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். ஆகவே சேற்றில் செய்யும் வேலையின் அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறுபடும். இவ்வுண்மை பின்னர் நோக்கவுள்ள பொருளாதாரப் பிரச்சினைக்கு அடிப்படையானது.

வண்டியும் குளம்பும்

உழவு இயந்திரத்துக்கு முற்பட்ட காலத்தில் இத்தேர்வு எழவில்லை எனலாம். அக்காலச் சமூகம் வேலையைப் பிரித்து வைத்திருந்தது. சேற்றில் இறங்கியவை எருதும் எருமையும். அங்கே வேலை செய்தது குளம்பு. மேட்டு நிலத்திலும் தெருவிலும் ஓடியது வண்டிச் சில்லு. வயற்சேற்றுக்குள் வண்டியை இறக்க எவரும் எண்ணவில்லை. நெல் காய்ந்து அறுவடையாகிச் சூடடித்த பின்னரே வண்டி களத்துக்கு வந்தது.

மரச்சில்லும் பருவத்துக்கு அடங்கியதாகவே இருந்தது. குடம், ஆரக்கால், வட்டை என்னும் உறுப்புகளைப் பொருத்திய பின், சில்லின் சுற்றளவிலும் சற்றுக் குறுகிய இரும்புப் பட்டத்தை நெருப்பில் காய்ச்சி விரியச்செய்து மாட்டி, உடனே நீர் ஊற்றுவர். இரும்பு சுருங்கி மரப்பொருத்துகள் அனைத்தையும் இறுக்கிவிடும். ஆயினும் கடுங்கோடையில் மரம் வற்றிச் சுருங்கும்போது பட்டம் தளர்ந்துவிடும். அப்போது சில்லை நீரில் ஊறவைத்து மரத்தை உப்பச்செய்வர். மாரியில் இத்தொல்லை இல்லை. ஆனால் ஒடுங்கிய இரும்புப் பட்டம் ஈரமண்ணைக் கத்திபோல் அறுத்துக்கொண்டு புதையும். இவ்வாறு ஒரு பருவத்தில் சில்லும், மறு பருவத்தில் பாதையும் வண்டிக்காரனுக்குத் தடையாயின.

பருவமும் நிலமும் மாறுமிடத்து முற்காப்பாக இன்னொன்றை உடன் கொண்டுசெல்லும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஒளவையார், உப்பு வண்டிகளுடன் மேடும் பள்ளமும் கடந்து செல்லும் உமணர், வழியில் யாது நேருமோ என்று அஞ்சி வண்டியின் கீழ் மாற்று அச்சொன்றைக் கட்டிச் செல்வதை உவமையாகக் காட்டுகின்றார். இதனை ‘சேம அச்சு’ என்கிறது அப்பாடல். திருவள்ளுவரும் இடனறிதல் அதிகாரத்தில், நிலத்தில் ஓடும் தேர் கடலில் ஓடாது, கடலில் ஓடும் கலம் நிலத்தில் ஓடாது என்னும் கருத்தினை அமைத்துள்ளார். இவ்விரண்டு கருத்துக்களையும் இணைத்து நோக்கின், இடத்துக்கேற்ற கருவி வேண்டும் என்பதும், அதனை உடன் சுமந்து செல்ல ஒரு செலவு உண்டு என்பதும் புலனாகும். சேம அச்சின் பாரத்தையும் அதே எருதுகளே இழுத்தன.

இறப்பரின் வருகை

காற்றடைத்த இறப்பர்ச் சில்லை 1845ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த தொம்சன் முதலில் பதிவு செய்தார். எனினும் 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரில் டன்லப் அதனை மீண்டும் உருவாக்கிய பின்னரே அது உலகவழக்காயிற்று. அதற்கு வேண்டிய இறப்பர் மரம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்கா வழியாக 1876ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடப் பூங்காவில் நடப்பட்டது. இலங்கையின் ஈரவலயம் இறப்பரை விளைவித்து ஏற்றுமதி செய்தது; அதே இறப்பர் மேல்நாட்டு ஆலைகளில் ரயராகி உயர்ந்த விலையில் இங்கு மீண்டது. குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்துக்கு இதனிலும் தெளிவான உதாரணம் காண்டல் அரிது. 1960களில் சோவியத் உதவியுடன் களனியில் அரச ரயர்க் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டமை இந்நிலையை மாற்றுதற்கான முயற்சியாகும். அது 1990களில் தனியார் கைக்கு மாறியது.

தொடக்ககால உழவு இயந்திரங்கள் பற்கள் பொருத்திய இரும்புச் சில்லுகளையே கொண்டிருந்தன. 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அலிஸ்-சாமர்ஸ் நிறுவனம் காற்றடைத்த ரயருடன் உழவு இயந்திரத்தை விற்பனைக்கு விட்டது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே அங்கு இரும்புச் சில்லு பெரும்பாலும் மறைந்தது. ஆனால் அந்நாட்டு வயல்கள் கோதுமையும் சோளமும் விளையும் உலர்ந்த வயல்கள் என்பது நினைவிற் கொள்ளற்பாலது. நெல் விளையும் ஆசிய நாடுகளில் இரும்பு மறையவில்லை. ரயரின் இடத்தை ஒரு பருவத்துக்கு மட்டும் விட்டுக்கொடுத்து, மறு பருவத்தில் அது மீண்டும் வந்தது.

வன்னியில் நாலு சில்லு உழவு இயந்திரமும், ‘லாண்ட்மாஸ்டர்’ என்னும் வணிகப் பெயராலேயே மக்கள் அழைத்த இரு சில்லு உழவு இயந்திரமும் பரவியபோது, சேற்று வேலைக்கென இரும்புக் கம்பிகளாலும் சட்டங்களாலும் கூடு போல் அமைந்த இரும்புச் சில்லும் உடன் வந்தது. இதன் தொழிற்பாடு எளியது. சேற்றில் ரயரின் கட்டைகளுக்கிடையே களி நிறைந்து ஒட்டிக்கொள்ள, ரயர் வழுவழுப்பான உருளை போலாகி நின்ற இடத்திலேயே சுழலும். கூட்டுச் சில்லிலோ சேறு இடைவெளிகளினூடே வழிந்து போய்விடும். அதன் அகலம் இயந்திரத்தைத் தாழவிடாது தாங்கும். அதன் சட்டங்கள் மண்ணை மிதித்துக் கூழாக்கும். எருமையின் குளம்பு செய்த வேலையை இரும்பு செய்தது என்று கூறுவது பொருந்தும். ஆனால் அதே சில்லைத் தார் வீதியில் ஏற்றினால் வீதியும் கெடும், சில்லும் கெடும், ஓட்டுபவனின் உடலும் அதிர்ந்து நோகும்.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழிகளும் கண்டறியப்பட்டன. ரயரைக் கழற்றாது அதன் பக்கத்தே இரும்புக் கூட்டைப் பூட்டுவது ஒன்று. ரயரினுள் நீர் நிரப்பிப் பாரமேற்றிப் பிடிப்பைக் கூட்டுவது மற்றொன்று. மூன்றாவது, ரயரின் கட்டைகளையே உயர்த்துவது. ரயர் உற்பத்தியாளரின் வகைப்பாட்டில் ஆர்-1 என்பது பொதுவான வயல் ரயர். ஆர்-2 என்பது நெல்வயலுக்கும் கரும்பு வயலுக்கும் உரியது. பின்னதன் கட்டைகள் முன்னதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு உயரமானவை. சேற்றில் அது சிறப்பாகப் பிடிக்கும். தார் வீதியிலோ விரைவில் தேய்ந்துவிடும். எதற்கும் ஏற்றது என்னும் சில்லு ஒவ்வொன்றிலும் சிறிது குறைபடுவது பொறியியலின் தவிர்க்கவொண்ணா விதியாகும்.

தேர்வின் பொருளாதாரம்

எந்தச் சில்லு சிறந்தது என்பதற்குப் பொறியியல் விடை கூறும். எந்தச் சில்லு பூட்டப்படுகின்றது என்பதற்கு விடை கூறவல்லது பொருளாதாரமே. வன்னியில் உழவு இயந்திரம் வைத்திருப்போர் தம் வயலை மட்டும் உழுவதில்லை; பிறர் வயலையும் கூலிக்கு உழுகின்றனர். சேற்று வேலை ஆண்டில் சில வாரங்களே. எஞ்சிய மாதங்களில் அதே இயந்திரம் பெட்டி பூட்டி நெல் மூட்டையும், மணலும், கல்லும், விறகும் ஏற்றி உழைக்கின்றது. எனவே உரிமையாளர் நோக்கில் வீதியில் நின்றுபிடிக்கும் ரயரே இலாபமானது. இரும்புச் சில்லு வாங்கினால் அதற்கொரு முதல் வேண்டும். ஓராண்டு குளத்தில் நீர் குறைந்து சிறுபோகம் சுருங்கினால் அம்முதல் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடக்கும். சில்லு மாற்றுவதற்கு ஆளும் நேரமும் வேண்டும். இரும்புச் சில்லைப் பெட்டியில் ஏற்றி வரம்படிக்குக் கொண்டுசென்று, அங்கே ரயரைக் கழற்றி அதைப் பூட்டி, வேலை முடிந்ததும் மீண்டும் மாற்றி அடுத்த வயலுக்குச் செல்லவேண்டும். ஒரே நாளில் மூன்று நான்கு சிறு துண்டுகளை உழ வேண்டியவனுக்கு இது பெருஞ்சுமை.

அவ்வாறாயின் ஒரே ரயருடன் சேற்றில் இறங்குவதால் நேரும் இழப்பு யாருடையது? சில்லு வழுக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் டீசல் எரிகின்றது. அது கூலியில் சேர்கின்றது. இயந்திரம் ஓரிடத்தில் நின்று சுழன்று தோண்டும் குழி, சேற்றின் அடியிலுள்ள இறுகிய மண்படையை உடைக்கின்றது. நீரைத் தேக்கி நிறுத்துவதும் அடுத்த போகத்தில் இயந்திரத்தைத் தாங்குவதும் அப்படையே. அது உடைந்த இடத்தில் நீர் கீழிறங்கிப்போகும். அடுத்த முறை சில்லு மேலும் புதையும். வயல் மட்டம் கெட்டால் ஓரிடத்தில் விதை அழுக, இன்னோரிடத்தில் புல் மிகும். இவ்விழப்பு முழுவதும் காணிக்காரனையும், அதனினும் கூடுதலாகக் குத்தகைக்குச் செய்பவனையும் சாரும். தேர்வைச் செய்பவன் ஒருவன். அதன் விளைவை அனுபவிப்பவன் இன்னொருவன். உற்பத்திச் சாதனத்தின் உடைமை யாரிடம் உள்ளதோ அவரது வசதிக்கேற்பவே தொழில்நுட்பம் தெரிவு செய்யப்படுகின்றது என்னும் பொதுவிதிக்குப் பரந்தன் வயல்கள் தக்க சான்றாகின்றன.

தேர்வற்ற காலம்

1990ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரத சேவை நின்றது. ஏ-9 வீதியும் மூடுண்டது. எரிபொருள், மின்கலம், சீமெந்து முதலிய பொருள்கள் வடக்கின் கட்டுப்பாடற்ற பகுதிகளுக்குச் செல்வது தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெயில் இயந்திரங்கள் ஓடின. சைக்கிள் மக்களின் முதன்மை வாகனமாயிற்று. தேய்ந்த ரயரை ஒட்டியும் தைத்தும், மேலே புதிய இறப்பர்ப் படை ஏற்றியும் பாவித்த காலம் அது. அக்காலத்தில் ஒரு சில்லா இரு சில்லா என்னும் வினா பொருளிழந்தது. கிடைத்தது எதுவோ அதுவே எப்பருவத்துக்கும் உரிய சில்லாயிற்று.

1995ஆம் ஆண்டின் இறுதியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தோரில் பெருந்தொகையினர் கிளாலி கடந்து வன்னிக்கு வந்தனர். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தை அடுத்து ஏ-9 திறக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மீண்டும் மூடப்பட்டது. 2008ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் நிஷா சூறாவளியின் பெருமழை வன்னியை வெள்ளக்காடாக்கியது. 2009ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் பரந்தனும் மறுநாள் கிளிநொச்சியும் இராணுவத்தின் வசமாயின. அந்த மாரியில்தான் மக்கள் ஏ-35 வீதி வழியாகவும் காட்டுப் பாதைகள் வழியாகவும் கிழக்கு நோக்கிச் சென்றனர். உழவு இயந்திரமும் அதன் பெட்டியுமே பல குடும்பங்களுக்கு வீடாகவும் வாகனமாகவும் இருந்தன. உழுவதற்கென வாங்கிய சில்லுகள் முதியோரையும் குழந்தைகளையும் நெல் மூட்டைகளையும் கூரைத் தகரங்களையும் சுமந்து சேற்றில் உருண்டன. வன்னியின் சில்லுக்கு அதனினும் கொடிய சோதனை நேர்ந்ததில்லை.

போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறிய பின், ஏ-9, ஏ-35 வீதிகள் காப்பற் வீதிகளாகின. 2013ஆம் ஆண்டு செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014ஆம் ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் மீண்டும் ஓடியது. வீதி செம்மையானதால் வீதிக்கேற்ற ரயரின் கவர்ச்சி மேலும் கூடியது. இரும்புச் சில்லுடன் வீதியேறுவது முன்னிலும் பெருங்குற்றமாகத் தோன்றியது. அறுவடைக்கு வரும் பெரிய இயந்திரங்களோ தொடர்பட்டிகளில் வயலில் ஓடுகின்றன. ஊர்விட்டு ஊர் செல்லும்போது லொறிகளில் ஏற்றப்படுகின்றன. சேற்றுக்கொன்று, வீதிக்கொன்று என்னும் பழைய பிரிவினையின் புதிய வடிவமே இது. அதற்கு வேண்டிய முதலோ சிறுகமக்காரனின் எட்டாக்கையில் உள்ளது.

பனிநாட்டின் பாடம்

வன்னியிலிருந்து புலம்பெயர்ந்தோர் வாழும் நாடுகளில் இதே வினா சட்டத்தின் வடிவில் எழுந்துள்ளது. சாதாரண கோடை ரயரின் இறப்பர், வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். பனிக்கால ரயரின் இறப்பர் குளிரிலும் மென்மை குன்றாதது. அதன் கட்டைகளில் நுண்ணிய வெட்டுகள் நிறைந்திருக்கும். வெயிற்காலத்தில் அதனை ஓட்டினால் விரைவில் தேயும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் எப்பருவ ரயரை 1977ஆம் ஆண்டில் குட்இயர் நிறுவனம் ‘ரியெம்போ’ என்னும் பெயரில் அறிமுகம் செய்தது.

கனடாவின் கியூபெக் மாகாணம் 2008ஆம் ஆண்டு முதல் பனிக்கால ரயரைக் கட்டாயமாக்கியது. எனவே மொன்றியலில் வாழும் தமிழருக்குத் தேர்வில்லை. அயலிலுள்ள ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆயினும் பனிக்கால ரயர் பூட்டுவோருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு வழங்கவேண்டும் என 2016ஆம் ஆண்டு முதல் விதிக்கப்பட்டது. ஜேர்மனியில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் பனிச் சூழலில் அதற்குரிய ரயரை வேண்டுகின்றது. உரிய மலைக் குறியீடு பொறித்த எப்பருவ ரயரையும் அது ஏற்றுக்கொள்கின்றது. ஒஸ்லோ நகரிலோ ஆணி பதித்த ரயருக்குக் கட்டணம் அறவிடப்படுகின்றது. இரும்பாணி வீதியை அரித்துத் தூசு எழுப்புவதே காரணம். பரந்தனில் இரும்புச் சில்லுக்கும் தார் வீதிக்கும் உள்ள பகையே அங்கு வேறு உருவில் காணப்படுகின்றது.

இந்நாடுகளின் அனுபவத்தில் நோக்கற்பாலது ஒன்றுண்டு. பனி நீண்டு கடுமையாக உள்ள இடத்தில் இரு தொகுதி; குளிர் மென்மையாகவும் குறுகியதாகவும் உள்ள இடத்தில் ஒரு தொகுதி போதும் என்பதே அவர்தம் பொதுமுடிபு. தவறான தேர்வின் இழப்பு ஓட்டுபவனோடு நில்லாது வீதியிலுள்ள ஏனையோரையும் தாக்கும் என்று கருதப்பட்ட இடங்களில், அத்தேர்வு தனியாளின் விருப்புக்கு விடப்படாமல் சட்டம், காப்புறுதி, கட்டணம் ஆகியவற்றால் நெறிப்படுத்தப்பட்டுள்ளது.

முடிவுரை

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பரந்தன் போன்ற நிலத்தில் ஒரு சில்லா இரு சில்லா என்பதற்கு எல்லோர்க்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை எனலாம். மழையை நம்பிப் புழுதி விதைப்புச் செய்யும் மேட்டுக் காணிக்கு ரயர் ஒன்றே போதுமானது. அங்கே இரும்புச் சில்லு வாங்குவது வீண்முதல். இரணைமடு நீர் பாயும் வயலில் சேற்று விதைப்புச் செய்பவனுக்கோ இரும்புச் சில்லு இன்றியமையாதது. அங்கே ரயருடன் இறங்குவது இன்றைய கூலியை மிச்சப்படுத்தி நாளைய நிலத்தைக் கெடுப்பதாகும். ஆனால் இரண்டாவது தொகுதியை ஒவ்வோர் இயந்திரக்காரனும் தனித்தனியே வாங்கவேண்டும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆண்டில் சில வாரங்களே வேண்டப்படும் கருவி, ஊருக்குப் பொதுவான கருவியாக இருத்தலே தகும். கமக்காரர் அமைப்புகளும் கமநல சேவை நிலையங்களும் இரும்புச் சில்லுகளை வாங்கிவைத்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீரைப் பங்கிடுவது போலவே அவற்றையும் முறை வைத்து வழங்குமாயின், சிறுகமக்காரனின் வயலும் காக்கப்படும். இயந்திரக்காரனின் முதலும் முடங்காது.

குளத்து நீரைப் பொதுவெனக் கண்டு முறைவைத்துப் பங்கிட அறிந்த மக்களுக்கு இது அரிய காரியமன்று. உமணர் சேம அச்சைத் தத்தம் வண்டியில் தாமே சுமந்தனர். வன்னிக் கமக்காரரோ தமது சேமச் சில்லை ஊராகச் சேர்ந்து சுமக்கலாம்.